குடும்பத்தோடு வானில் நுவரெலியா: மார்கழி, தைக் குளிருக்கு எப்படி ஆயத்தமாவது

மார்கழி லீவு வந்தால் எங்கள் வானின் பின் ஆசனங்கள் கழன்று வீட்டு விறாந்தைக்கு வந்துவிடும். அந்த இடத்தில் கட்டில் ஏறும், அடுப்புப் பெட்டி ஏறும், தண்ணீர்க் கான் ஏறும். இணுவிலில் இருந்து நுவரெலியாவுக்குப் போய், சமையலையும் படுக்கையையும் வானோடேயே பார்த்துக்கொண்டு திரும்புகிற குடும்பம் நாங்கள். இவர், நான், மாமி, பிள்ளைகள் இரண்டு பேர். இப்போது ஊரில் பலருக்கு இந்த ஆசை பிடித்திருக்கிறது. விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை போர்வை கொண்டுபோக வேணும்?" நான் அவர்களிடம் கேட்பது, "நனைஞ்ச துவாயை எங்க காயப்போடப் போறியள்?"

யாழ்ப்பாணத்து ஆட்களை மலையில் வாட்டுவது ஈரம்தான். காய்ந்த போர்வை ஒன்றோடு பத்துப் பாகைக் குளிரில் நல்ல நித்திரை கொள்ளலாம். ஈரம் ஊறிய மெத்தையில் படுத்தால் மூன்று கம்பளி போர்த்தாலும் விடியவிடிய நடுக்கம். அதனால் இதில் பெரும்பகுதி, ஒரு தகரப் பெட்டியை நாலைந்து நாள் காய்ந்தபடி வைத்திருப்பது எப்படி என்பது பற்றித்தான்.

எப்போது போவது

நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக ஆறரைப் பாகை சூடு குறையும். இணுவிலில் இரவு 23 பாகை என்றால் அங்கே 11 அளவில் நிற்கும். பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே கணக்குப் போட்டுச் சொல்வார்கள். ஆனால் இது முகில் மூடிய இரவுக்குத்தான் பொருந்தும். தை, மாசியில் மழை ஓய்ந்து வானம் வெளித்த இரவுகளில் நிலத்தின் சூடெல்லாம் மேலே போய்விடும். அப்படியான இரவில் ஐந்து பாகைக்குக் கீழேயும் இறங்கும், விடியப் பார்த்தால் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்.

டிசம்பரில் போனால் மழை, தையில், அதாவது ஜனவரியில், போனால் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவமழை எங்களுக்குப் பெய்கிற அதே காலத்தில் மலையிலும் பெய்யும். முதல்முறை சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது தையைத்தான். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. நாலு நாள் விடாமல் பெய்கிற மழைக்கு வானுக்குள் மருந்து இல்லை. எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. திருவெம்பாவை பத்து நாளும் மாமிக்கு விடியப்புறம் கோயில். திருவாதிரை முடியாமல் அவர் ஊரை விட்டு வெளிக்கிட மாட்டார். தைப்பொங்கலுக்கு வீட்டு முற்றத்தில் பானை வைத்தாக வேண்டும். இடையில் கிடைக்கிற நாட்களில் பள்ளிக்கூடமும் விடுமுறையாக இருந்தால் அதுதான் எங்கள் பயணம்.

மண்சரிவை விளையாட்டாக எடுக்கக்கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் எங்கும் மண் சரிந்து நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின, பாதைகள் துண்டுதுண்டாகின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. மாத்தளை, கண்டி, நுவரெலியா மூன்று மாவட்டங்களையும் வெளிக்கிடுவதற்கு முதல்நாள் பின்னேரம் பாருங்கள், மலை ஏறுகிற நாள் காலையும் பாருங்கள். எங்கள் பாதையில் மஞ்சள் கிடந்தாலே நான் பயணத்தைத் தள்ளிவைப்பேன். பிள்ளைகள் அழுவார்கள்தான். தம்புள்ளையோடு நின்று திரும்பி வந்தாலும் அது பயணம்தான் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்சுக்கு 1990. இரண்டையும் வானின் முன்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

வானும் படுக்கையும்

எங்களுடையது பழைய ஹையேஸ், ஊரில் டொல்பின் என்று சொல்கிற உயர்ந்த கூரை வான். உள்ளே குனிந்தாவது நின்று உடுப்பு மாற்றலாம் என்பது மழை நாளில் பெரிய ஆறுதல். தாழ்ந்த கூரை வான் என்றால் படுக்க மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றுக்கும் வெளியே கூடாரச்சீலை கட்டுங்கள்.

சாரதிக்குப் பின்னால் உள்ள முதல் ஆசன வரிசையைக் கழற்ற வேண்டாம். வான் ஓடும்போது ஒவ்வொருவரும் ஆசனத்தில் பட்டியோடு இருக்க வேண்டும், ஒருவரும் கட்டிலில் படுத்திருக்கக்கூடாது. மெத்தையில் உருண்டு விளையாடிக்கொண்டு வர பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஒரு சடுதி பிரேக்குக்கு அவர்கள் முன்கண்ணாடி வரை வருவார்கள். இந்த விடயத்தில் என்னிடம் இரக்கம் கிடையாது. இன்னொன்று, வானை நிரந்தரமாக மாற்றி அமைப்பதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுச் செய்ய வேண்டும். எங்கள் கட்டில் வானின் தரையில் ஏற்கெனவே உள்ள ஆசனத் துளைகளிலேயே போல்ட் போட்டு இறுக்குகிற மாதிரித் தச்சர் செய்து தந்தது. பயணம் முடிய நாலு போல்டைக் கழற்றினால் வான் பழையபடி வான்.

கட்டிலுக்கு முழுப் பலகை அடிக்காதீர்கள். இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள். உடம்புச் சூடு மெத்தைக்குள் இறங்கும், கீழே குளிர்ந்த பலகை இருக்கும், இரண்டும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் கட்டும். காற்று ஓடாவிட்டால் இரண்டாம் இரவிலேயே மெத்தையின் அடி ஈரமாகிவிடும், நாலாம் நாள் பூஞ்சணம் மணக்கும். நான் சட்டத்துக்கு மேலே பனையோலைப் பாய் ஒன்று விரித்து அதன்மேல் நாலு அங்குல மெத்தை போடுவேன். ஓலைப் பாயின் முரட்டுப் பின்னலுக்குள் காற்றுப் போகும், சாய்த்து வைத்தால் அரை மணித்தியாலத்தில் காயும். கடையில் விற்கிற பிளாஸ்ரிக் பாய் இதற்குச் சரிவராது, ஈரத்தை அப்படியே மெத்தையோடு பிடித்து வைத்திருக்கும்.

ஐந்து பேரும் வானுக்குள் படுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நாங்கள் விடுதி ஒன்றின் வளவுக்குள் வானை விட்டு, அங்கே ஓர் அறை எடுப்போம். மாமியும் மூத்தவளும் அறையில், நாங்கள் மூன்று பேரும் வானில். குளியலறைப் பிரச்சினையும் அதோடு தீரும். வாகனத்தோடு தங்கி, மின்சாரம் இழுத்து, தண்ணீர் நிரப்பி, கழிவு இறக்குகிற இடங்கள் கனடா மாதிரி இங்கே கிடைப்பதில்லை. அதனால் முதலே தொலைபேசியில் பேசி, வான் நிற்கிற இடம் மட்டமா, இரவில் படலை பூட்டுவார்களா, பின்னால் வெட்டிய மண்மேடு இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். வீதியோரத்தில் வெட்டிய சரிவின் கீழ் வானை நிறுத்திப் படுப்பது ஒருக்காலும் வேண்டாம். வான் ஓட்டுகிறவருக்குத்தான் நல்ல படுக்கை போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அவர் நித்திரை கொள்ளாத இரவுக்கு மறுநாள் மலைப்பாதையின் றம்பொடை வளைவில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

மின்சாரத்துக்கு இரண்டாவது பற்றறி ஒன்று, நூறு ஆம்பியர் மணி அளவில் இருந்தால் போதும். வான் ஓடும்போது அது ஏறும்படியும், நிற்கும்போது வான் பற்றறியை அது இழுக்காதபடியும் இடையில் ரிலே போட்டுத் தரச் சொல்லி மின்வேலைக்காரரிடம் கேளுங்கள். அமிலப் பற்றறியின் கொள்ளளவில் பாதியைத்தான் பாவிக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் கெதியாகப் பழுதாகும். எல்ஈடி விளக்குகள், போன், சின்ன மின்விசிறி எல்லாவற்றுக்கும் அது தாராளம். மின்சாரச் சூடாக்கி கொண்டுபோவோமா என்று கேட்கிறார்கள். ஆயிரம் வாற்று சூடாக்கி 12 வோல்ற்றில் தொண்ணூறு ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும். அரை மணித்தியாலம் தாங்காது. கூரையில் சோலர் தகடு போட்டாலும் மூடுபனிக்குள் அதை நம்ப முடியாது.

மூச்சில் வருகிற தண்ணீர்

நித்திரையில் ஒரு ஆள் ஒரு இரவில் ஒரு கோப்பைத் தண்ணீர் அளவு ஈரத்தை மூச்சாலும் தோலாலும் வெளியே விடுகிறார். மூன்று பேர் என்றால் மூன்று கோப்பை. எங்கள் வீடுகளில் யன்னல் திறந்தே கிடப்பதால் இது எங்கள் கண்ணில் படுவதில்லை. குளிரில் வானை இறுக மூடிவிட்டுப் படுத்தால் அந்தத் தண்ணீர் எல்லாம் கண்ணாடியிலும் தகரத்திலும் வேர்த்து, விடியற்காலையில் கூரையில் இருந்து முகத்தில் சொட்டும்.

ஆகவே குளிர் எவ்வளவு என்றாலும் எதிரெதிர் யன்னல் இரண்டை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். யன்னலுக்கு மேலே மழை மறைக்கிற வைசர் பூட்டியிருந்தால் மழை இரவிலும் திறந்து வைக்கலாம். பூட்டாதவர்கள் பயணத்துக்கு முன் பூட்டுங்கள். நுளம்புவலைத் துண்டு ஒன்றை அந்த இடைவெளிக்கு ஒட்டிவிடலாம். காற்று வந்தால் குளிருமே என்று மாமி முதலில் மறுத்தார். இரண்டு இரவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அவரே இப்போது வந்து யன்னலைத் திறந்து விட்டிருக்கிறோமா என்று பார்க்கிறார்.

கண்ணாடிகளுக்கு மறைப்பு வேண்டும். தகரக் கூரை வீடுகளில் வெயில் சூட்டைத் தடுக்கக் கூரைக்குக் கீழே அடிக்கிற வெள்ளி நிறத் தாள் ஹாட்வெயார் கடைகளில் விற்கிறது, உள்ளே காற்றுக் குமிழ் உள்ளது. ஊரில் வெயிலை வெளியே நிறுத்துகிற அதே தாள் மலையில் சூட்டை உள்ளே நிறுத்தும். ஒவ்வொரு யன்னலுக்கும் பேப்பரில் அளவு எடுத்து வெட்டி, மூலைகளில் வெல்குரோ தைத்து வையுங்கள். திறந்து வைத்த இரண்டு இடத்திலும் மேல் விளிம்பை மட்டும் குறைத்து வெட்டுங்கள். முன்கண்ணாடிக்குக் கட்டாயம் போட வேண்டும், பெரிய கண்ணாடி என்பதால் சூடு போவதும் அதால்தான்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை துடைப்பு. பழைய பருத்திச் சாறம் ஒன்றைக் கிழித்துக் கொண்டுபோங்கள், அதைப்போல் தண்ணீர் உறிஞ்சுகிற துணி வேறு இல்லை. கண்ணாடி, கதவு விளிம்பு, கட்டிலுக்குக் கீழ்த் தகரம் எல்லாவற்றையும் துடைத்து, துணியை வெளியே பிழிய வேண்டும். அப்புறம் மெத்தையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து, எல்லாக் கதவையும் கால் மணித்தியாலம் திறந்து வையுங்கள். வெயில் எட்டிப் பார்த்தால் போர்வைகள் வானின் கூரைக் கம்பியில். சப்பாத்து, குடை, நனைந்த துவாய் ஒன்றும் இரவில் உள்ளே வரக்கூடாது. அவற்றுக்கு விடுதி அறையின் குளியலறை இருக்கிறது, அல்லது முன் ஆசனக் கால் வைக்கிற இடத்தில் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று வையுங்கள்.

ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி குடும்பம் அங்கே பெரிய பயண வண்டி வாடகைக்கு எடுத்துப் பனிக்குள் போகிறவர்கள். அவனுக்கு இருக்கிற தலையிடி வேறு: தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று தாங்கி முழுவதையும் காலியாக்கி, குழாய்க்குள் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவம் ஓட விட்டு, குடிக்கவும் கழுவவும் கானில் தண்ணீர் கொண்டு போகிறான். எங்களுக்கு அந்தப் பாடு இல்லை. இருபது லீற்றர் கான் இரண்டு போதும், நிரப்புகிற இடமும் எங்கும் உண்டு. சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் முழுகிப் பழகிய தலைக்கு மலைத் தண்ணீர் மெதுவாக இருக்கும், சவர்க்காரம் ஒரு தேய்ப்பிலேயே நுரைத்துவிடும். மூத்தவளுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த விடயங்களில் அதுவும் ஒன்று.

நெருப்பு உள்ளே வேண்டாம்

வானுக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள், காஸ் அடுப்பைக் கொளுத்திக் கை காயாதீர்கள், எஞ்சினை ஓட விட்டுப் படுக்காதீர்கள். மூடிய இடத்தில் எரிகிற எதுவும் காபனோரொக்சைட்டு விடும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலையிடி, குமட்டல், கண் சொருகுவது எல்லாம் வரும். மலைப்பாதையில் சத்தி எடுத்து வந்த களைப்பு என்றுதான் நினைப்போம். நித்திரையில் இருப்பவர் எழும்பவே மாட்டார். கரி தணலாகி விட்டது, புகை இல்லை, இனிப் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். புகை இல்லாத தணலும் அதே நஞ்சை விடும்.

தம்பி ஊருக்கு வந்தபோது, சொக்லேற் வேண்டாம், பற்றறியில் ஓடுகிற காபனோரொக்சைட்டு அலாரம் ஒன்று கொண்டு வா என்று கேட்டு வாங்கினேன். வெளிநாட்டில் சொந்தம் உள்ளவர்கள் நீங்களும் கேளுங்கள். அது இருந்தாலும் மேலே சொன்னதில் ஒன்றையும் மாற்றக்கூடாது.

சமையல்

சமைப்பது வெளியே. பின்கதவை மேலே திறந்து, அதில் இருந்து கூடாரச்சீலை ஒன்றை இரண்டு தடியில் இழுத்துக் கட்டினால் அடுக்களை தயார். ஒரு பானை புட்டு அவித்தால் உள்ளே வருகிற ஆவி, மூன்று பேர் இரவு முழுக்க விடுகிற மூச்சுக்குச் சமம்.

1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் சோறு வேகாது, பருப்பு கரையாது. எங்கள் மொட்டைக்கறுப்பன் அரிசி ஊரிலேயே நேரம் எடுக்கும். அங்கே காஸ் முடிந்துவிடும். பிரஷர் குக்கர் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் மெல்லிய பச்சையரிசியைக் காலையிலேயே ஊறப் போடுங்கள். பருப்பை வீட்டிலேயே வறுத்து உடைத்து எடுத்துப் போனால் பாதி வேலை குறையும்.

காஸும் குளிரில் சோர்ந்து போகும். எங்கள் சிலிண்டர்களில் பியூட்டேன்தான் கூட, அது பூச்சியப் பாகைக்குக் கிட்டப் போனால் ஆவியாக மாட்டேன் என்று நிற்கும். எரிய எரிய சிலிண்டரே குளிர்ந்துகொண்டு போவதால் சின்னச் சிலிண்டர் இன்னும் கெதியாகச் சோரும். ஆகவே 2.3 கிலோவை விட 5 கிலோ சிலிண்டர் நல்லது. நிமிர்த்தியே வையுங்கள். சோர்ந்துவிட்டது என்று சரிக்கவோ, அடுப்புக்குக் கிட்ட நகர்த்தவோ வேண்டாம். காற்றுக்கு மறைப்பாகத் தகரத் தட்டு ஒன்று அடுப்பைச் சுற்றி நின்றால் பாதிக் காஸ் மிஞ்சும். வான் ஓடும்போது ரெகுலேற்றரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரைப் பட்டியால் கட்டி வைக்க வேண்டும்.

வீட்டில் இருந்து கொண்டுபோவது: வறுத்த அரிசிமா, குரக்கன் மா, யாழ்ப்பாணத்துக் கறித்தூள், இடிச்ச சம்பல், மோர்மிளகாய், எள்ளுப்பாகு, பயத்தம் பணியாரம், புழுக்கொடியல், பனங்கட்டி. மரக்கறியை ஊரில் இருந்து காவிக்கொண்டு போகாதீர்கள். கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட் எல்லாம் தோட்டத்தில் இருந்து அப்போதுதான் பிடுங்கி வீதியோரத்தில் குவித்து விற்பார்கள். மாமி சைவம், லீக்ஸையும் உருளைக்கிழங்கையும் போட்டு அவர் வைக்கிற சொதியும் குரக்கன் புட்டும்தான் எங்கள் இரவுச் சாப்பாடு. காலையில் பாண், சம்பல், முட்டை. படுக்கப் போகும் முன் மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் எல்லாருக்கும் அரைக் கோப்பை, கடிக்கப் பனங்கட்டி. அரைக் கோப்பைக்கு மேல் பிள்ளைகளுக்கு ஊற்றாதீர்கள், நடுச்சாமத்தில் குளிருக்குள் எழுப்ப வேண்டி வரும்.

உடுப்பும் உடம்பும்

ஜீன்ஸை வீட்டில் விட்டுவிடுங்கள். நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். கம்பளியோ செயற்கை நூலோ நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும். தடித்த ஒன்றை விட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது, மலை ஏறும்போது ஒவ்வொன்றாகப் போடலாம், இறங்கும்போது கழற்றலாம். யாழ்ப்பாணக் கடைகளில் சுவெற்றர் தேடி அலைய வேண்டாம். நுவரெலியாக் கடைத்தெருவில் ஜக்கெற், தொப்பி, கையுறை எல்லாம் மலிவாகக் குவிந்து கிடக்கும். போகிற வழிக்கு ஒன்று இருந்தால் போதும்.

படுக்கைக்கு என்று ஒரு சோடி காலுறையும் ஒரு உடுப்பும் ஒவ்வொருவருக்கும் தனிப் பையில் கட்டி வையுங்கள். பகலில் அதைத் தொடக்கூடாது. பகல் முழுக்கப் போட்ட காலுறை காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும்.

முதியவர்களுக்குச் சுடுதண்ணிப் பை நல்ல துணை. ஆனால் நீரிழிவு உள்ளவர்களின் பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் காண்போம். துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றி, படுக்கப் போவதற்குக் கால் மணித்தியாலம் முன் போர்வைக்குள் வைத்துச் சூடாக்கி, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். மாமிக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். குளிசைகளை மூன்று நாளைக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள், பாதை மூடினால் அங்கே நிற்க வேண்டி வரும்.

கம்பளையில் இருந்து மேலே வளைவுகள் தொடங்கும். சத்தி வருகிற பிள்ளையை முன்னுக்குப் பார்த்தபடி, யன்னல் பக்கம் இருத்துங்கள். போனைப் பறித்து வையுங்கள். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. இரண்டு விசுக்கோத்தும் தேசிக்காயும் போதும். குளிசை கொடுப்பதானால் மருத்துவரிடம் முதலே கேட்டு, வளைவு தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் கொடுக்க வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

பாதை

யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டி வரை ஏ9, 320 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அங்கிருந்து நுவரெலியா இன்னும் எண்பது அளவில். ஒரே நாளில் போகலாம், போகாதீர்கள். விடியப்புறம் ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியாவில் காலைச் சாப்பாடு. தம்புள்ளை பின்நேரத்துக்கு முதல் வந்துவிடும். முதல் இரவை நாங்கள் மாத்தளையில் போடுவோம். முத்துமாரியம்மன் கோயில் ஏ9 வீதியோரத்திலேயே இருக்கிறது, மாமி ஆறுதலாகக் கும்பிடலாம், இவர் நேரத்தோடு படுக்கலாம்.

இருட்டில் வன்னியைக் கடக்காதீர்கள். மழைக்கால இரவில் மாடுகள் காய்ந்த இடம் தேடித் தார் வீதியில் வந்து படுத்திருக்கும், கறுப்பு மாடு கறுப்புத் தாரில் கண்ணுக்குப் படாது. பொழுது வெளிக்கும்போது ஆனையிறவில் நின்றால் அதற்கு அங்கால் பயமில்லை. வீடு கடையுள்ள இடத்தில் 50, மற்ற இடத்தில் 70. அந்த வேகத்துக்கு மேல் வான் போகவும் வேண்டாம்.

மலை ஏறுவதற்கு முன் கராஜில் பார்க்க வேண்டியது பிரேக், ரயர், வைப்பர், முன்கண்ணாடிக்கு ஊதுகிற காற்று. ரேடியேற்றருக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள், கேத்திலில் படிகிற அதே சுண்ணாம்பு அங்கேயும் படியும், ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். கூலன்ற் போடுங்கள். கண்டியில் டீசலை நிரப்பிவிட்டு, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று மத்தியானத்துக்குள் ஏறுங்கள். பின்நேரம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கும். மூடுபனிக்குள் பெரிய லைற் அடித்தால் ஒளி திரும்பி எங்கள் கண்ணுக்குத்தான் வரும். தாழ்ந்த லைற்றில் மெதுவாகப் போக வேண்டும். மேலே ஏறுகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் வழி விடுவது மலைப்பாதை வழக்கம். றம்பொடையில் அனுமார் கோயில் வாசலில் நின்று எல்லாரும் இறங்கிக் கால் நீட்டுங்கள், எஞ்சினும் ஆறட்டும்.

இறங்குவதுதான் ஏறுவதை விடக் கடினம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எரிந்த மணம் வந்தால் உடனே அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் நில்லுங்கள், சில்லுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மேலே போய் என்ன பார்ப்பது என்பதற்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. சீதை அம்மன் கோயிலும் 1861இல் தொடங்கிய ஹக்கலைப் பூந்தோட்டமும் ஒரே பாதையில், ஒரு நாளில் முடியும். கிரகரி வாவிக்கரை பிள்ளைகளுக்கு. ஹோட்டன் சமவெளிக்குப் போவதானால் விடிவதற்கு முன் வெளிக்கிடுங்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேல், உலக முடிவு என்று சொல்கிற அங்குள்ள செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் மூடுபனி ஏறி ஒன்றும் தெரியாது. போகிற வழியில் பட்டிப்பொல புகையிரத நிலையம் இருக்கிறது. இலங்கையின் மிக உயரமான நிலையம் அதுதான், சின்னவன் அந்தப் பலகைக்கு முன் நின்று படம் எடுக்காமல் வரமாட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு

களைப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அன்றைக்கே வானைக் காலி செய்யுங்கள். மூடி வைத்த வான் ஊர்ச் சூட்டில் ஒரே இரவில் புளித்து மணக்கும். மெத்தையைக் கூட்டுமாற்றால் தட்டி இரண்டு நாள் வெயிலில் இருபக்கமும் காயப் போடுங்கள். கூடாரச்சீலையை ஈரத்தோடு மடிக்க வேண்டாம், மதிலில் விரித்துவிடுங்கள். கண்ணாடி மறைப்புகளைச் சுருட்டி, எந்த யன்னலுக்கு எது என்று பின்னால் எழுதி அலுமாரிக்கு மேல் வையுங்கள். கட்டில் போல்டுகளையும் அவற்றின் நட்டுகளையும் ஒரு பேணியில் போட்டு, எண்ணெய் இரண்டு துளி விட்டு மூடிவிட்டு, ஆசனங்களைத் திரும்பப் பூட்டுங்கள். இரண்டாவது பற்றறியை மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டும், சும்மா கிடந்தால் அடுத்த மார்கழிக்கு அது உயிரோடு இருக்காது.